திருமலையில் பெண்களுக்கான இலவசச் சட்ட ஆலோசனை: அறிவு உண்டு, நேரத்துக்கு வருவதில்லை

திருகோணமலை நகரில் பெண்கள் அமைப்பொன்று நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. அமைப்பின் பெயரையும் வீதியையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். பாலியல் தொழில் வழக்குகளுக்கும் அங்கே உதவி கிடைக்கும் என்று எழுதிவிட்டால், தாபரிப்புக் காசு கேட்டுப் படியேறும் பெண்ணையும் ஊர் வேறு கண்ணால் பார்க்கும். தேவைப்படுகிறவர்கள் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்திலோ விசாரித்தால் வழி சொல்வார்கள்.

தாபரிப்பு, குடும்ப வன்முறை ஆகிய இரண்டிலும் இந்தச் சேவை சிறப்பாகவே நடக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கும் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதித் தருகிறார்கள். அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. வீதியில் அல்லது விடுதியில் வைத்துப் பிடிக்கப்பட்ட பெண்ணுக்கு இதே சேவை என்ன செய்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் சட்டம். இலங்கையில் வயது வந்த ஒரு பெண் காசுக்காக உறவு கொள்வதைக் குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு கிடையாது. பொலிஸார் எடுப்பது இரண்டு பழைய சட்டங்களை. ஒன்று 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், மற்றது 1889ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விபச்சார விடுதிகள் கட்டளைச் சட்டம். முதலாவதன் 7ஆம் பிரிவு பொது இடத்தில் உறவுக்கு ஆள் அழைப்பதைத் தண்டிக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது நூறு ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு ‘எந்த ஆளும்’ என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. காரை நிறுத்தி விலை கேட்கும் ஆணும் அதற்குள் வரலாம். நடைமுறையில் ஜீப்பில் ஏற்றப்படுவது பெண்ணும் திருநங்கையுமே. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது. வீதியில் ஒழுங்கீனமாக நடக்கும் ‘விலைமாது’ என்று ஆளையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதாவது ஒரு பெண் என்ன செய்தாள் என்பதற்கு முன்னே அவள் யார் என்ற முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பெண்நிலைவாதச் சட்ட ஆய்வாளர்கள் இந்தச் சட்டத்தை எதிர்ப்பதன் ஆணிவேர் இதுதான்.

இந்த ஆலோசனைச் சேவையின் சட்டத்தரணிகளுக்கு இது நன்றாகவே விளங்கியிருக்கிறது. குற்றப்பத்திரம் கையில் வந்ததும் அவர்கள் முதலில் தேடுவது பிரிவு இலக்கத்தை. 7ஆம் பிரிவென்றால் அழைத்ததற்குச் சாட்சி யார், இடம் பொது இடமா, என்ன சொல்லப்பட்டது என்று மூன்று கேள்வி கேட்கிறார்கள். பஸ் நிலையத்தில் இரவு பத்து மணிக்கு நின்றது மட்டும் அழைப்பாகாது. கைப்பையில் ஆணுறை இருந்ததும் அழைப்பாகாது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அதை ஒரு சான்று போலப் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் நாட்டில் இருக்கிறது. அதற்குப் பயந்து ஆணுறையைக் கொண்டுபோகாமல் விட்டால் நோய்தான் மிஞ்சும்.

விடுதிச் சுற்றிவளைப்பு வழக்குகளில் சேவை இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. வழமையாக நடப்பது இது: நீதவானிடம் சோதனை ஆணை எடுத்து, வாடிக்கையாளர் போல ஒரு முகவரைக் காசோடு உள்ளே அனுப்பி, சைகை வந்ததும் பொலிஸார் நுழைவார்கள். உள்ளே இருந்த பெண்கள் எல்லோர் மேலும் ‘நிர்வகித்தார் அல்லது நிர்வகிக்க உதவினார்’ என்று ஒரே வாசகத்தில் குற்றச்சாட்டு வரும். 1889ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது விடுதியை நடத்துபவரை, நிர்வகிப்பவரை, அதற்கு உதவுபவரை, தெரிந்துகொண்டே இடம் கொடுத்தவரை. அறையில் இருந்த பெண் இவர்களில் யாராக இருந்தாள் என்பதை முறைப்பாட்டுத் தரப்புத்தான் காட்ட வேண்டும். ஆகவே வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், திறப்பு யார் கையில், முகவர் கொடுத்த காசு யாருடைய லாச்சியில் கிடந்தது, கொப்பி எழுதியவர் யார் என்று இவர்கள் ஒரு தாளில் நிரல் போட்டுக் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் சாட்சியாகவோ சும்மாவோ வெளியேற, பெண்கள் எதிரிக்கூண்டில் நிற்பதையும் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்கிறார்கள். இந்தத் தாள் ஒன்றுக்காகவே சேவையைப் பாராட்டலாம்.

குறை தொடங்குவது நேரத்தில். இந்த வழக்குகள் மாதக்கணக்கில் இழுபடுவதில்லை. இரவு பிடிக்கிறார்கள், மறுநாள் நீதவான் முன் நிறுத்துகிறார்கள். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டால் நூறு ரூபாய் கட்டிவிட்டு மத்தியானத்துக்கு முதல் வீட்டுக்குப் போகலாம்’ என்று யாரோ காதில் சொல்கிறார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு தண்டப்பணத்தைப் போலப் பல மடங்கு. வீட்டில் பிள்ளை தனியே. ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வாள்? சேவைக்கு அவள் வந்து சேர்வது அதற்குப் பிறகுதான். அப்போது செய்யக்கூடியது மிகக் குறைவு, ஏனென்றால் தானே ஒப்புக்கொண்ட தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு வழி பெரும்பாலும் அடைபட்டுப்போகும்.

அந்த நூறு ரூபாய் மலிவான விலையல்ல. குற்றத்தீர்ப்பு பதிவில் நிற்கும். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கும்போது தலைதூக்கலாம். பிள்ளையின் கட்டுக்காவல் வழக்கில் கணவன் தரப்பு அதைத் தூக்கிக் காட்டும். அதே கட்டளைச் சட்டத்தில் திரும்பத் திரும்பப் பிடிபடுபவர்களுக்குத் தண்டனை படிப்படியாக ஏறும். 1907ஆம் ஆண்டின் தடுப்பு இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கங்கொடவிலவில் உள்ள மெத்செவன என்ற அரச தடுப்பு இல்லத்துக்கு அனுப்பப்படும் ஆபத்தும் உண்டு. மூதூரிலோ குச்சவெளியிலோ இருக்கும் தாய் ஒருத்தி அங்கே மகளைப் பார்க்கப் போவதென்றால் நாட்டின் மறுகரைக்குப் போய்வர வேண்டும். இவற்றை எல்லாம் சேவையின் துண்டுப்பிரசுரம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய முதல் வரியே இதுதான்: ‘அக்கா, சட்டத்தரணியோட கதைக்காமல் குற்றவாளி எண்டு சொல்லாதீங்கோ, தவணை கேளுங்கோ.’

தவணை கேட்டால் பிணை வேண்டும். பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை. ஆனால் சரீரப் பிணைக்கு ஆள் தேவை. அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும் கொண்டு ஒருவர் வர வேண்டும். இந்தக் குற்றச்சாட்டில் அண்ணனையோ மாமனையோ கூப்பிட எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? பிணை நிற்கத் தயாரான பெண்கள் சிலரின் பட்டியலை முன்கூட்டியே வைத்திருக்க இந்தச் சேவையால் முடியும். இதுவரை அப்படி ஒன்று இல்லை. பிணை இல்லாமல் மருத்துவ அறிக்கை வரும் வரை விளக்கமறியல் என்று போய்விட்டால், நூறு ரூபாய்க் குற்றத்துக்கு இரண்டு வாரம் உள்ளே இருக்க நேரும்.

பிரசுரத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. முகப்பில் கட்டப்பட்ட இரண்டு கைகள். உள்ளே எல்லாப் பெண்களும் ‘கடத்தப்பட்டவர்கள்’, ‘மீட்கப்பட வேண்டியவர்கள்’. இது பெண்நிலைவாதத்தின் ஒரு தரப்பு மட்டுமே, அதுவும் முழுமையாகச் சொல்லப்படவில்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர் கதரின் மக்கினன் போன்றோர் விபச்சாரத்தையே ஆண் பெண் சமத்துவமின்மையின் விளைவாகவும் அதை நிலைநிறுத்தும் ஏற்பாடாகவும் பார்க்கிறார்கள். வறுமையும் வன்முறையும் தள்ளிவிட்ட இடத்தில் சம்மதத்தைத் தேடுவது பிழை என்பது அவர்கள் வாதம். 1999இல் சுவீடன் இந்த வழியில் போனது: விற்பவருக்குத் தண்டனை இல்லை, வாங்குபவருக்கு உண்டு. பிரான்ஸ் 2016இல் அதே பாதையை எடுத்தது. மற்றத் தரப்பு, இதுவும் உழைப்பே, குற்றச் சட்டத்தை முற்றாக அகற்றித் தொழிலாளர் உரிமைகளைக் கொடுங்கள் என்கிறது. நியூசிலாந்து 2003இல் செய்தது அது. வாங்குபவரைத் தண்டித்தால் தொழில் இருட்டுக்குள் போகும், ஆளை எடைபோட்டுப் பார்க்கப் பெண்ணுக்கு நேரம் கிடைக்காது என்பது இவர்களின் பதில். இந்திய உச்ச நீதிமன்றமும் 2022 மே மாதக் கட்டளையொன்றில், சம்மதத்தோடு இத்தொழிலில் இருக்கும் வயது வந்த பெண்களைச் சுற்றிவளைப்புகளில் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்ற தன் குழுவின் பரிந்துரையைப் பதிவு செய்தது.

இரு தரப்பும் எவ்வளவு கடுமையாக மோதினாலும் ஓரிடத்தில் உடன்படுகின்றன: விற்கும் பெண்ணைத் தண்டிக்கக் கூடாது. 1841ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டுக்கும் எதிரானது. திருமலையில் இயங்கும் சட்ட ஆலோசனைச் சேவைக்கு இந்த உடன்பாடு போதும். எந்தத் தரப்பைச் சேர்ந்தது என்று அது தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆனால் முன்னால் இருக்கும் பெண் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதைச் சரியாகக் கேட்டறிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அதைப் பொறுத்து வழக்கு நடத்தும் விதமே மாறும்.

உதாரணத்துக்கு, அடையாள அட்டையை வேறொருவர் வைத்திருக்கிறாரா? முற்பணம் என்று சொல்லிக் கடன் ஏற்றியிருக்கிறார்களா? விலை பேசுவது யார்? வேண்டாம் என்று ஓர் ஆளை மறுக்க முடியுமா? விட்டுப் போக முடியுமா? இவற்றுக்கு வரும் பதில்கள் கட்டாயத்தைக் காட்டினால் அவள் எதிரி அல்ல, தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவின் கீழ் ஆட்கடத்தலுக்கு உள்ளானவர். கடத்தியவருக்கு இரண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறை. அவளுக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பும் உதவியும் கேட்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவளென்றால் சம்மதம் என்ற பேச்சே இல்லை, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அப்படிக் கட்டாயம் இல்லை, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் நுண்கடன் தவணைக்கும் தானே முடிவெடுத்து வந்தவள் என்றால், அவளுக்குத் தேவை மீட்பு அல்ல, 7ஆம் பிரிவுக்கு எதிரான எதிர்வாதம். எல்லோரையும் கடத்தப்பட்டவர் என்று எழுதும்போது இரண்டாம் வகைப் பெண் வாய்திறக்கமாட்டாள். திறந்தால் உதவி நின்றுவிடுமோ என்ற பயம். முதலாம் வகைப் பெண்ணின் உண்மையும் பொதுவான வாசகங்களுக்குள் கரைந்துபோகும். ஆரம்ப நேர்காணலில் இந்த ஐந்து கேள்விகளையும் தனியறையில் கேட்கும்படி படிவத்தை மாற்றுவது பெரிய வேலையே இல்லை.

படிவம் என்றதும் இன்னொன்று. இப்போதுள்ள படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டம் முதல் பக்கத்திலேயே, பெயருக்குக் கீழே இருக்கிறது. அந்தப் படிவங்களின் கொப்பி திறந்தபடி மேசையில் கிடக்கிறது. அடுத்து வருபவர் தன் பெயரை எழுதக் குனியும்போது முந்தியவரின் கட்டம் கண்ணில் படும். வழக்குக்குத் தேவையான தகவலைச் சட்டத்தரணியின் கோப்பில் எழுதலாம், வரவுப் பதிவேட்டில் இலக்கம் மட்டும் போதும். சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வாசலில் கிடக்கும் கொப்பிக்கு அது கிடையாது.

மொழி விடயத்தில் சேவை உறுதியாக நிற்கிறது, அதற்கு முழு மதிப்பெண். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொன்னாலும், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் வாசிக்கத் தெரியாமல் கையொப்பமிட்ட பெண்கள் வருகிறார்கள். அப்படியான வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து வரிவரியாகத் தமிழில் விளக்குகிறார்கள். விளங்காமல் ஒப்பமிட்டதைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லிப் பதிவு செய்விக்கிறார்கள்.

அடி, மிரட்டல், காசு பறிப்பு, பாலியல் இலஞ்சம் நடந்திருந்தால் நாட்களை எண்ண வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம், அதுவும் கொழும்பில் உச்ச நீதிமன்றத்தில். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருப்பது இங்கே பெரிய உதவி. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்க வேண்டும். காயம் இருந்தால் நீதவானிடமே காட்டி, சட்ட வைத்திய பரிசோதனை கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் தனியார் டிஸ்பென்சரியில் எடுத்த துண்டு அந்த வேலையைச் செய்யாது.

கடைசியாக, அலுவலக நேரம். வார நாட்களில் காலை முதல் மாலை வரை. கைதுகள் அதிகம் நடப்பதோ வெள்ளி, சனி இரவுகளில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் நிறையும் மாதங்களில். பிடியாணை இல்லாமல் கைது செய்த ஒருவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பதால், சனிக்கிழமை மத்தியானம் அவள் நீதவானின் வாசஸ்தலத்தில் நிற்பாள். சேவையின் தொலைபேசி அப்போது மூடிய அறைக்குள் ஒலித்துக்கொண்டிருக்கும். சுழற்சி முறையில் ஒரு சட்டத்தரணி, இரவிலும் விடுமுறை நாளிலும் எடுக்கப்படும் ஒரு கைத்தொலைபேசி, அந்த இலக்கம் அச்சடித்த சின்ன அட்டை ஒன்று. அட்டை கைப்பைக்குள் அல்ல, உடுப்புக்குள் வைக்கும் அளவில் இருக்க வேண்டும். கைப்பையைத்தான் முதலில் வாங்கிக்கொள்வார்கள்.