விரல் ஆக்சிமீட்டர்: 98 காட்டுது, சரி, எதில் 98?

2021-ல் கொரோனா இரண்டாம் அலை நேரத்தில், சொன்ன விலையைக் கொடுத்து அவசரமாக வாங்கிய ஆக்சிமீட்டர் இது. இன்னும் ஓடுகிறது. பேட்டரி மூடி முதல் மாதமே கழன்றுவிட்டதால் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

என் பிரச்சினை மூடி இல்லை. போன வருஷம் அம்மாவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மாட்டிப் பார்த்தால் 98. "98 இருக்கும்மா, ஒண்ணுமில்ல" என்று ரெண்டு மாசம் நானே ஓட்டிவிட்டேன். அப்புறம் ரத்தப் பரிசோதனை செய்தால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 7.8, பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்கிறார்கள். வீட்டுக்கு வந்து மறுபடியும் மாட்டினேன், அப்பவும் அதே 98.

மெஷின் பொய் சொல்லவில்லை, நான்தான் அதனிடம் கேட்காத கேள்விக்குப் பதிலை எடுத்துக்கொண்டேன். ஹீமோகுளோபினை நாலு சீட் ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு இரும்பு அணு, அதில் ஒரு ஆக்சிஜன். நூற்றுக்கு எத்தனை சீட் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் இந்த மெஷின் சொல்லும், ஊரில் மொத்தம் எத்தனை ஆட்டோ ஓடுகிறது என்று இதற்குத் தெரியாது. அம்மாவுக்குப் பாதி ஆட்டோ ஷெட்டில் கிடந்தது, ஓடினவை எல்லாம் ஃபுல்!

கார்பன் மோனாக்சைடு இன்னும் மோசம். அடைத்த அறையில் கரி மூட்டினாலோ ஜெனரேட்டர் ஓடினாலோ வரும் அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதே சீட்டில் உட்கார்ந்துகொள்ளும், லேசில் இறங்காது. விரலில் அடிக்கும் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு அதுவும் ஆக்சிஜன் மாதிரியே தெரிவதால், ஆள் மயங்கிக் கிடக்கும்போதுகூட திரையில் நல்ல நம்பர்தான் வரும். கார்பன் டை ஆக்சைடு கதை வேறு, அது சீட்டுக்கே வராது, புரதப் பக்கமாகத் தொற்றிக்கொண்டு கொஞ்சம் போகும், பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறி ரத்தத்தில் கரைந்தே போய்விடும். அது ஏறுகிறதா என்று இந்த மெஷினில் பார்க்கவே முடியாது.

அதற்காகத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சிவப்பையும் அகச்சிவப்பையும் அடித்து, நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் கணக்கு ஊசி குத்தாமலே கிடைக்கும் என்று 1970-களில் கண்டுபிடித்தவர் ஜப்பான் பொறியாளர் டகுவோ அவோயாகி. உலகமே இதைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் இறந்துபோனார். நிமோனியா மாதிரி நுரையீரல் சிக்கலுக்கு இது உண்மையிலேயே உதவும். 98-லிருந்து 94 வந்தால் பதற வேண்டாம், ஆனால் கவனியுங்கள். 90-க்குக் கீழே போனால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், ஏனென்றால் அதற்குக் கீழே ஆக்சிஜன் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் நம்பர் சரசரவென்று சரியும்.

நகப்பூச்சை அழித்துவிட்டு, கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, அரை நிமிஷமாவது ஆடாமல் வைத்துப் பாருங்கள். கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வே வந்தது, நம்ம ஊருக்கு அதுவும் முக்கியம்.

ஐந்துக்கு மூன்றரை. அரை மார்க் மூடிக்கு. ஒரு மார்க், ரத்தசோகை பற்றி ஒரு வரிகூட எழுதாத அந்தக் கையேட்டுக்கு.