வைப்பர் நின்றதும் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எப்.சி. (ஓடத் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 101 வைப்பரைக் கட்டாயமாக்கியிருப்பதால், அது ஓடாத வண்டி எப்.சி.யில் நிற்கும். ஐப்பசி மழையும் எப்.சி. தேதியும் ஒன்றாக வந்துவிட்டால் ஓனர் கேள்வி கேட்காமல் பணம் எடுப்பார் என்பது சில கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாமக்கல் பக்கம் ஓடும் ஒரு பழைய ஆறு சக்கர வண்டிக்கு நடந்தது இது. மரச்சட்டம் போட்டுக் கட்டிய கேபின். வைப்பர் மெதுவாக ஏறி, பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். கடையில் சுவிட்சை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சுண்ணே, காயில் எரிஞ்சிருச்சு" என்றார்கள். புது மோட்டார் என்று பில் போட்டார்கள். பழையதைத் திருப்பித் தரவில்லை. சில நாளில் அதே கோளாறு. மறுபடி போனால், "பியூஸ் தாங்கல" என்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைச் சொருகி அனுப்பினார்கள். டேஷ்போர்டுக்குள் ஒயர் உருகி நாற்றம் வந்த பிறகுதான் வண்டி வேறு எலக்ட்ரீஷியனிடம் போனது.

அவர் முதலில் செய்தது, மோட்டார் கிராங்கிலிருந்து (மோட்டாரோடு சுற்றும் சின்னக் கை) லிங்கேஜ் ராடை (அந்த அசைவை வைப்பருக்குக் கொண்டுபோகும் கம்பி) கழற்றியது. ராடு இல்லாமல் மோட்டார் மட்டும் நன்றாகச் சுற்றினால் கோளாறு லிங்கேஜ் பக்கம். வைப்பர் ஆர்மைக் கண்ணாடியிலிருந்து தூக்கிப் பிடித்துக் கையால் அசைத்தால் லேசாக ஆட வேண்டும். இந்த வண்டியில் டிரைவர் பக்க ஸ்பிண்டில் (ஆர்மைத் தாங்கித் திரும்பும் தண்டு) அசையவே மறுத்தது. ஸ்பிண்டில் வெளியே வரும் இடத்தில் ரப்பர் தொப்பி போயிருந்தது. அந்த வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, கிரீஸைக் கழுவி, அந்தத் தண்டு திரும்பும் புஷ்ஷுக்குள் துரு ஏறி இறுகியிருந்தது. லாக்கைக் கழற்றி ஸ்பிண்டிலை உருவி, டீசலில் ஊறவைத்து, நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் வைத்து, ஓ-ரிங்கும் தொப்பியும் புதிதாகப் போட்டால் முடிகிற வேலை. புது மோட்டார் விலையோடு பார்த்தால் செலவு ரொம்பக் குறைவு.

இறுகிய ஸ்பிண்டிலோடு வேறு மோட்டாரை மாட்டினால் கொஞ்ச நாள் இழுக்கத்தான் செய்யும். கடைக்காரருக்கு அது போதும். பிறகு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியரின் பல் சிதறும், அல்லது ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் கம்பிச்சுருள்) சூடேறி எரியும். மோட்டார் திணறும்போது கரண்ட் எகிறும். அந்த நேரத்தில் அறுந்துபோகத்தான் பியூஸ் இருக்கிறது. அதைப் பெரிதாக்கினால் பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

இரண்டாவது கோளாறு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் வழி. மரச்சட்டக் கேபினில் மோட்டார் பாடி சேஸிஸைத் தொடாது. தனியாக எர்த் ஒயர் வேண்டும். இருந்த ஒயரின் லக் (நுனி வளையம்), பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தது. சோதிப்பது சுலபம். கண்ணாடியை நனைத்து, வைப்பரை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டார் பாடியிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவ்விலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி பேட்டரி பாசிட்டிவ்வுக்கும் மோட்டாரின் ஒயர் வந்து சேரும் கப்ளருக்கும் நடுவே பார்க்கலாம். இங்கே வோல்டேஜ் அதிகம் விழுந்தால் சுவிட்ச், பியூஸ் பெட்டி, கப்ளர் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு 24 வோல்ட் வருகிறது என்று காட்டுவது சோதனை ஆகாது. லோடு இல்லாதபோது, அதாவது மோட்டார் கரண்ட் இழுக்காதபோது, கெட்ட ஒயரிலும் முழு வோல்ட் தெரியும்.

மோட்டாரே கெட்டிருக்க வாய்ப்பில்லையா? உண்டு. ராடைக் கழற்றி, கப்ளரில் லோடோடு சரியான வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டாரைத் திறக்கலாம். அப்போதும் பாதி நேரம் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது பிரஷ் உரசும் கம்முடேட்டர் கறுத்திருக்கும். பிரஷ் மூன்று: எர்த்துக்கு ஒன்று, மெதுவுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. ஒரு வேகம் மட்டும் போயிருந்தால் அந்த பிரஷ்ஷையோ சுவிட்சையோ பாருங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கிராங்க் அசையாவிட்டால் கியர் பல் போயிருக்கிறது. சுவிட்சை அணைத்ததும் பிளேடு கீழே வந்து படுக்காமல் அங்கங்கே நின்றால் கியர் பெட்டிக்குள் இருக்கும், பிளேடைக் கீழே கொண்டுவந்து நிறுத்தும் பார்க்கிங் கான்டாக்ட்டையும், அதற்கு வரும் தனி சப்ளை ஒயரையும் பாருங்கள். அதற்காக முழு மோட்டாரை விற்பார்கள், வாங்காதீர்கள்.

அந்தக் கடை மாட்டிய "புது" மோட்டாரும் பழசுதான். ஸ்குரூ தலைகள் சிதைந்திருந்தன, அவற்றின் மேலேயே கறுப்பு பெயின்ட் ஓடியிருந்தது, உள்ளே கம்முடேட்டரில் பிரஷ் ஓடிய பள்ளம். இதற்குப் புது விலை வாங்கியது பச்சைத் திருட்டு. வோல்ட் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் மோட்டாரை மாட்டினால் பேய்வேகத்தில் ஓடிக் கருகிவிடும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய மோட்டாரைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் புதிதா ரீகண்டிஷனா (பழையதைச் சரிசெய்ததா) என்று எழுதச் சொல்லுங்கள். ஆர்மை மாட்டுவதற்கு முன் மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு, அணைத்து, பார்க்கிங்கில் நிற்க வையுங்கள். அதைச் செய்யாமல் மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே பிளேடு கண்ணாடி ஓர ரப்பர் பீடிங்கில் மோதலாம். பியூஸ் வண்டிக்குரிய ஆம்பியர்தானா என்று வண்டியை எடுக்கும் முன் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.