குழந்தைகளுக்கான ஆன்லைன் பிரெஞ்சு வகுப்பு: வகுப்பு ஓகே, ஆப் வேண்டாம்

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை ஒரு ஆன்லைன் பிரெஞ்சு வகுப்பில் சேர்த்திருக்கிறோம். பாடம் நடத்தும் விதம் அருமை, கூடவே தரும் ஆப் ரொம்பச் சுமார். ஆரம்பத்தில் நோட்டே கிடையாது. எழுந்திரு, உட்கார், மூக்கைத் தொடு என்று ஆசிரியை பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே தானும் செய்து காட்டுகிறார், பிள்ளைகள் வாயைத் திறக்காமல் அதைச் செய்தாலே போதும். 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த முறை இது, கேட்டுப் புரிந்துகொள்வது முதலில், பேச்சு அப்புறம். "இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்று அவசரப்படும் பெற்றோர் (எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு) கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது தவறைத் திருத்தும் விதம். பிள்ளை ஆண்பால் பெண்பாலை மாற்றிச் சொன்னால் தப்பு என்று நிறுத்துவதில்லை, அதே வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லி அப்படியே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் வேண்டுமென்றேதான்; நமக்கு அலுக்கும், பிள்ளைகளோ அடுத்த வரியை முந்திக்கொண்டு சொல்கிறார்கள்.

குறை என்றால், வாரத்துக்கு ஒரே ஒரு நீளமான வகுப்பு. அதையே சின்னச் சின்னதாகப் பிரித்து அடிக்கடி வைத்தால் இந்த வயதுக்கு நன்றாக மனதில் நிற்கும், கேட்டால் அட்டவணையில் இடமில்லை என்கிறார்கள். ஆப்பில் படத்தைப் பார்த்துத் தட்டி நட்சத்திரம் வாங்குவதைத் தவிர ஒன்றுமில்லை, இதில் விளம்பரத் தொல்லை வேறு. அதை நீக்கியாயிற்று, வகுப்பு தொடர்கிறது.