கறுத்தக்கொழும்பான் இலையிலிருந்து டி.என்.ஏ.: சி.ரி.ஏ.பி. முறையா, கொலம் கிட்டா?

யாழ்ப்பாணத்து மா (கறுத்தக்கொழும்பான் அதில் ஓர் இனம்), பனை, முந்திரிகை (திராட்சை) இலைகளிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுப்பவர்களுக்கு என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சி.ரி.ஏ.பி. என்ற சவர்க்காரத் தன்மையுள்ள இரசாயனத்தைக் கொண்டு செய்யும் முறை.

டி.என்.ஏ.யைச் சிறு குழாயிலுள்ள சிலிக்கா மென்சவ்வில் ஒட்டவைத்துக் கழுவியெடுக்கும் கொலம் கிட்டின் வசதிகள் தெரிந்தவைதான். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும், குளோரோபோம் தேவையில்லை. நெல் நாற்று போன்ற இளசான இலைகளில் நூறு மாதிரி இருந்தால் யோசிக்காமல் கிட்டையே எடுங்கள்.

மா இலையில் விஷயம் வேறு. அரைத்ததும் வெளிவரும் பிசுபிசுப்பான பல்சக்கரைட்டுகள் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) சிலிக்கா மென்சவ்வை அடைத்துவிடும், கரைசல் இறங்காது. பொலிபீனோல்கள் ஒட்சியேறினால் கலவை கபில நிறமாகும். தூய்மையைப் பார்க்க எடுக்கும் ஒளியுறிஞ்சல் விகிதங்களில், புரதக் கலப்பைக் காட்டும் 260/280 விகிதம் 1.8 என்று நன்றாகவே இருக்கும். பல்சக்கரைட்டு, பொலிபீனோல் கலப்பைக் காட்டும் 260/230 மட்டும் 1க்குக் கீழே கிடக்கும். கிட்டில் டி.என்.ஏ.யை மென்சவ்வில் ஒட்டவைக்கும் குவானிடீன் உப்பு மீந்தாலும் அந்த எண் விழும் என்பதால், குற்றம் இலையினதா கழுவலினதா என்று பிரித்தறிவது கடினம். இந்தப் பிசின் மீந்த மாதிரியில் டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். தடைப்படும், நீண்ட டி.என்.ஏ. இழைகளை நுண்துளை வழியே செலுத்தி வாசிக்கும் வரிசையாக்கத்தில் அந்தத் துளைகள் அடைபடும்.

சி.ரி.ஏ.பி. முறையில் இதைக் கட்டுப்படுத்துவது உப்பின் அளவு. சோடியம் குளோரைட்டு 0.7 மோலருக்கு மேல் இருந்தால் டி.என்.ஏ. கரைசலிலேயே நிற்கும், புரதமும் பல்சக்கரைட்டின் பெரும்பகுதியும் சி.ரி.ஏ.பி.யோடு சேர்ந்து, நீர்ப்படைக்கும் குளோரோபோமுக்கும் இடையிலான எல்லையில் ஒதுங்கும். அதனால்தான் கரைசலில் 2% சி.ரி.ஏ.பி.யோடு 1.4 மோலர் உப்பு, 100 மில்லிமோலர் ரிஸ் (பி.எச். 8), 20 மில்லிமோலர் ஈ.டி.ரி.ஏ., பொலிபீனோலைப் பிடிக்க 2% பி.வி.பி. எல்லாம் இருக்கின்றன. மேர்கப்டோஎதனோல் 0.2%ஐ, கரைசலைப் பாவிக்கும் நாளில் மட்டும் சேருங்கள்.

100 மில்லிகிராம் இளந்தளிரை (பனையென்றால் குருத்தோலையை) நன்றாக மாவாக்கி, 65 பாகைக்குச் சூடாக்கிய 700 மைக்ரோலீற்றர் கரைசலில் 45 நிமிடம் வையுங்கள். குளோரோபோம்–ஐசோஅமைல் அற்ககோல் (24:1) சம அளவு சேர்த்து மெதுவாகத் தலைகீழாக்கி, 12,000 ஜி.யில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மையநீக்கியைக் குளிரூட்ட வேண்டாம்: குளிர்ந்தால் சி.ரி.ஏ.பி. வெள்ளையாகப் படியும். மேற்படையில் 400 மைக்ரோலீற்றரை, எல்லையைத் தொடாமல், எடுங்கள். கடைசித் துளிக்கு ஆசைப்பட்டால் பிசினும் வந்துவிடும்.

முந்திரிகைக்கும் மாவுக்கும் அடுத்த படிதான் உயிர்நாடி: 5 மோலர் உப்புக்கரைசல் 200 மைக்ரோலீற்றர், பிறகு குளிர்ந்த எதனோல் 1.2 மில்லிலீற்றர். உப்பு மிகுந்திருப்பதால் பல்சக்கரைட்டு மேலே கரைந்து நிற்க, டி.என்.ஏ. மட்டும் படியும். அந்த உப்பை 70% எதனோலால் இரண்டு தரம் கழுவியே ஆகவேண்டும். வீழ்படிவு ஜெல்லி போலத் தெரிந்தால் மீண்டும் கரைத்து இந்தப் படியைத் திரும்பச் செய்யலாம். கொலத்துக்குள்ளேயே இப்படித் திருத்த முடியாது.

குறைகளும் உண்டு. புகைபோக்கி அலுமாரி கட்டாயம். குளோரோபோம் கழிவு தனிப் போத்தலுக்குத்தான், சிங்குக்குள் அல்ல. ஆர்.என்.ஏ.யும் சேர்ந்து வருவதால் அதைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் நொதியை இட்டபின், டி.என்.ஏ.யோடு ஒட்டும் சாயத்தின் ஒளிர்வைக் கொண்டு அளக்கும் ஒளிர்வுமானியில் அளப்பதே நம்பகமானது. (கிட் கழிவில் குவானிடீன் இருப்பதால் அதில் குளோரீன் வெளிற்றியை ஊற்றாதீர்கள், நச்சு வாயு வரும்.)

முதிர்ந்த பனையோலைக்கு இதே அளவுகள் பொருந்தும் என்று உறுதி சொல்லமாட்டேன். இரண்டு மாதிரியில் முதலில் பாருங்கள். கிட் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் குளோரோபோம் படிவரை சி.ரி.ஏ.பி.யில் செய்து, மேற்படையைக் கிட்டின் பிணைப்புக் கரைசலோடும் எதனோலோடும் கலந்து கொலத்தில் ஏற்றலாம். அடைப்பு பெரும்பாலும் நீங்கும்.