உரிமம் கையில் வந்தாயிற்று, முதல் வேலை எது?

ஹெலிகாப்டர் வணிக விமானி உரிமம் பெற்ற புதிதில், பறப்புப் பதிவேட்டில் பெரும்பாலும் 150 முதல் 200 மணி நேரம்தான் இருக்கும். நல்ல வேலைகளோ ஆயிரத்துக்கு மேல் கேட்கின்றன. இடைவெளியைக் கடக்கப் பலரும் நாடுவது இரண்டு வேலைகளை: பயிற்றுநர், கடல் எண்ணெய் மேடைகளுக்குச் செல்லும் ஹெலிகாப்டரில் துணை விமானி.

என் ஓட்டு பயிற்றுநர் வேலைக்கே. மாணவர் ஓட்டினாலும் பொறுப்பு பயிற்றுநருடையது. அந்த நேரம் அவருடைய தலைமை விமானிக் கணக்கில் ஏறும். எஞ்சின் நின்றால் ஆட்டோரொட்டேஷனில், அதாவது கீழிருந்து வரும் காற்றாலேயே சுழலியைச் சுழலவிட்டு, இறங்குவதை அவர் நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிறார். பயிற்சிக்குப் பயன்படும் சிறிய ஹெலிகாப்டரான ராபின்சன் ஆர்22-இன் இலேசான சுழலி சட்டென்று வேகம் இழக்கும்; மாணவரின் கை தயங்கும் கணத்திலேயே சுழலி இறக்கைகளின் கோணத்தை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலைத் தாழ்த்தியாக வேண்டும். இந்த விழிப்பு வேறெங்கும் இவ்வளவு விரைவில் வாய்க்காது. ஆனால் ஒரு சிக்கல்: அமெரிக்க விதிப்படி ஆர்22-இல் பயிற்சி தர, ஹெலிகாப்டரில் 200 மணி நேரமும் அதில் ஆர்22-இல் 50 மணி நேரமும் வேண்டும். 150 மணியில் உரிமம் வாங்கியவர் மீதியைப் பெரும்பாலும் சொந்தச் செலவில்தான் பறக்கிறார். படிப்பைத் தொடங்கும்போதே இதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

துணை விமானிக்குக் கிடைப்பது வேறு வகைச் செல்வம். ஏடபிள்யூ139 போன்ற இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர், வெளியே பார்க்க முடியாதபோதும் கருவிகளை நம்பிப் பறத்தல், இருவர் சேர்ந்து முடிவெடுக்கும் ஒழுங்கு. கருவிப் பறப்புத் தகுதி இல்லாமல் பொதுவாக உள்ளே நுழைய முடியாது. சர்வதேசத் தரப்படி, வணிக உரிமத்துக்கு அடுத்த படியான உயர்நிலை உரிமத்துக்கு (ஏடிபிஎல்) 1,000 மணி போதும் என்றாலும், அதில் 250 மணி தலைமைப் பொறுப்பில் பறந்திருக்க வேண்டும். அல்லது 70 மணி அப்படிப் பறந்து, மீதியைக் கேப்டனின் மேற்பார்வையில் தலைமை வகித்து ஈடுசெய்யலாம். பயிற்றுநருக்கு இது தானே சேரும், துணை விமானி காத்திருக்க வேண்டும். எண்ணெய் விலையும் அவர் தலைவிதியை எழுதும்: 2014-இல் தொடங்கிய சரிவில், 2016-இல் எண்ணெய் மேடைகளுக்கு ஹெலிகாப்டர் இயக்கும் சிஎச்சி என்ற பெரிய நிறுவனமே திவால் பாதுகாப்பு கோரியது.

சுற்றுலா நிறுவனத்தில் தரைப்பணியில் சேர்ந்து பறக்கும் வாய்ப்புக்குக் காத்திருப்பதும் உண்டு. எப்போது பறக்க விடுவார்கள் என்பது எழுத்தில் இல்லையென்றால் சேராதீர்கள்.

கருவித் தகுதியோடு துணை விமானி வேலையும் கைக்கு வந்தால் மறுக்க வேண்டாம். மற்றவர்கள் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுமுன், அங்குள்ள பயிற்றுநர்கள் மாதம் எத்தனை மணி பறக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் படித்தவர்கள் என்று கேளுங்கள்.