உமிழ்நீர்ச் சுரப்பி ஸ்கேன்: காரைக்குடியிலேயே எடுக்கலாம்

வாய் வறட்சிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க மதுரைக்கு ஓட வேண்டியதில்லை; காரைக்குடியில் இந்த மையத்திலேயே நன்றாக எடுக்கிறார்கள். வரவேற்பில்தான் கொஞ்சம் வாயாட வேண்டும். 'உமிழ்நீர்ச் சுரப்பி' என்று மருத்துவர் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். தைராய்டு என்று பில் போட்டு நீட்டினார்கள். கழுத்து என்றாலே தைராய்டுதான் போலும். திருத்தச் சொன்னதற்கு முகச்சுளிப்பு வேறு.

தண்ணீர் இல்லாமல் சீடை இறங்காது, கண்ணில் ஓயாத உறுத்தல். வயதாகிவிட்டது என்றார்கள் வீட்டில். மூட்டுவாத மருத்துவர்தான் ஷோக்ரன் நோயாக இருக்கலாம் என்றார். உடலின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகைக்குக் கீழே, பேரன் பேத்தி எடுத்த நான் போய்ப் படுத்தேன். "ஆச்சி, தோட்டைக் கழற்றிவிடுங்கள், ஜெல் பட்டுவிடும்" என்றார் ஸ்கேன் மருத்துவர். காதோரம் இரண்டு, தாடைக்குக் கீழே இரண்டு என நான்கு சுரப்பிகளையும் நெடுக்கிலும் குறுக்கிலும் நிதானமாகப் பார்த்தார். ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நல்ல சுரப்பி சீரான சாம்பல் நிறத்தில் தெரியுமாம். என்னுடையதில், பிட்ட பணியாரத்தில் தெரியும் ஓட்டைகள்போல எங்கும் கருந்திட்டுகள்.

அறிக்கையில் ஒவ்வொரு சுரப்பிக்கும் தனித்தனியே 0 (இயல்பு) முதல் 3 (கடும் பாதிப்பு) வரையிலான அளவில் மதிப்பெண் இருந்தது. இந்த இடத்தை நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான். 'சுரப்பிகள் இயல்பான அளவில் உள்ளன' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அதை வைத்து மருத்துவர் என்ன செய்வார்?

ஸ்கேன் மட்டுமே நோயை உறுதிசெய்துவிடாது. தொடக்கத்தில் படம் சரியாகவே இருக்கவும் கூடும். 2016ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாட்டில் ரத்தத்தில் உள்ள, சொந்தச் செல்களையே குறிவைக்கும் எஸ்எஸ்ஏ எதிர்ப்பொருளுக்கு 3 புள்ளி, உதட்டுத் திசுப் பரிசோதனைக்கு 3, கண்ணீர், உமிழ்நீர்ச் சோதனைகளுக்குத் தலா 1. மொத்தம் 4 புள்ளியாவது வர வேண்டும். ஸ்கேனுக்கு அதில் இடமே இல்லை. எனக்கு எதிர்ப்பொருள் இருந்தது. கண்ணீர்ச் சோதனைக்காகக் கண்ணில் வைத்த காகிதம் 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை. இவற்றிலேயே 4 புள்ளி வந்துவிட, ஸ்கேனும் ஒத்துப்போகவே, உதட்டைக் கீறவேண்டாம் என்றுவிட்டார் மூட்டுவாத மருத்துவர்.

படங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. இந்த நோயில் பின்னாளில் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வாய்ப்பு உண்டு என்பதால், சுரப்பி வீங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். மாடிக்கு லிஃப்ட் இல்லை, படிகளும் செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் துணையோடு போகவும்.