தனி ஸ்லைஸ் என்றால் எவ்வளவு தனி?

காரைக்குடியில் சின்னதாக மருத்துவமனை நடத்தும் என் பள்ளித் தோழன், ஒரு விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தேவகோட்டையில் ஒரு கிளை, இரண்டு ஆம்புலன்ஸ், ஸ்கேன் படங்கள், எல்லாவற்றையும் 5ஜியில் இணைக்க வேண்டும். "உங்களுக்கென்றே தனி ஸ்லைஸ்" என்று விற்பனைக்கு வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"தனிங்கிறாரே, எவ்வளவுடா தனி?" என்றான்.

டவர்களுக்குப் பின்னால் இருந்து எல்லா இணைப்பையும் நடத்தும் மையப் பகுதியான கோர் நெட்வொர்க் வேலையில் பல வருடம் மீட்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் இவ்வளவு நேராக இதைக் கேட்டதில்லை.

அவனுக்கு அவன் வீட்டை வைத்தே சொல்லிவிடலாம். கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் அவர்களுடைய பூர்வீக வீட்டில் ஏழு புள்ளிகள், அதாவது கல்யாணமாகித் தனிக் கணக்கு வைத்த ஏழு குடும்பங்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவது வழக்கம். அரிசி பருப்புக் கணக்கு தனி, அடுப்பு தனி, வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஓர் அறை, அதற்கு ஒரு பூட்டு. முகப்பும் வளவும் கிணறும் மட்டும் பொது. ஸ்லைஸும் இதேதான். டவர், ஃபைபர், சர்வர் எல்லாம் ஒன்று. அதற்குள் பல நெட்வொர்க்குகள் வேறு வைக்கப்பட்டிருக்கின்றன. மொபைல் நெட்வொர்க்குகளுக்கு உலகத் தரவிதிகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பு 2018-இல் முடித்த 15-ஆம் வெளியீட்டில் இதற்கு விதி வகுத்தது. ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதில் 8 பிட் ஸ்லைஸின் வகையைச் சொல்லும். அதே வகையில் பல இருந்தால் பிரித்துக்காட்ட இன்னொரு 24 பிட்.

முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 5ஜிக்கென்றே எழுதப்பட்ட கோர், அதாவது எஸ்.ஏ. முறை இருந்தால்தான் இந்த ஸ்லைஸ். பழைய 4ஜி கோரின் மேல் ஓடும் என்.எஸ்.ஏ.வில் கிடையாது. 2022-இல் ஜியோ எஸ்.ஏ.வில் தொடங்கியது, ஏர்டெல் என்.எஸ்.ஏ.வில். ஆகவே நம் ஊர் டவரில் இன்று எது ஓடுகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அவன் முன்னால் இருந்த வழிகள் மூன்று.

மலிவானது, எல்லாமே பொது, அடையாள எண் மட்டும் தனி என்கிற வகை. டவரின் அலைக்கற்றையில் உங்களுக்குக் குறைந்தபட்சப் பங்கு இவ்வளவு என்று ஒதுக்குவார்கள். மற்றபடி கோர் மென்பொருளும் சர்வரும் எல்லோருக்கும் ஒன்றே. இங்கே பலரும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நெரிசல் வேறு, திருட்டு வேறு. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு எல்லோரும் கூடியிருந்த நாளில் ஒரு புள்ளி ஏசியையும் கிரைண்டரையும் ஒன்றாகப் போட, வீடு முழுக்க ஃபியூஸ் போன கதையை அவனே சொல்லியிருக்கிறான். அது நெரிசல். பங்கு ஒதுக்கினால் அது தீரும். பக்கத்து அறைக்காரர் உங்கள் பெட்டகத்தைத் திறப்பதை அந்த ஒதுக்கீடு தடுக்காது. ஒரே சர்வரில் பல ஸ்லைஸ்களின் மென்பொருள் கண்டெய்னர்களாக, அதாவது தனித்தனிப் பொட்டலங்களாக ஓடும்போது நடுவில் இருப்பது சுவர் இல்லை, திரைச்சீலை. எல்லாக் கண்டெய்னருக்கும் அடியில் ஓடும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, ஒன்றுதான். 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள், ஒரே பிராசஸரைப் பகிர்வதே ஆபத்தாகலாம் என்று காட்டின. சிசிடிவிக்கும் பில் போடும் மெஷினுக்கும் இந்த வகை போதும். நோயாளியின் ஸ்கேனுக்குப் போதாது.

இதற்கு நேர் எதிர்க்கோடி, சொந்தமாகவே ஒரு நெட்வொர்க். தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூனில் இதற்கான வழிமுறைகளை வெளியிட்டது. சொந்த கோர், சொந்த சிம், சொந்த ரேடியோ. பொதுக் கிணறே கிடையாது என்பதால் கேட்பதற்கு இதுதான் மிகப் பாதுகாப்பு. ஆனால் செட்டிநாட்டுக்காரனுக்குப் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? ஆள் இல்லாத வீட்டில் ஓடு சரியும், நிலைக்கதவும் தேக்குத் தூணும் ஒவ்வொன்றாய்க் கிளம்பி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேரும். மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் போட ஆள் இல்லாத தனி நெட்வொர்க்கும் அப்படித்தான். துறைமுகமோ பெரிய தொழிற்சாலையோ ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும். இவனிடம் இருப்பது கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன், அவனும் பாதி நேரம் பில்லிங்கில். அதைவிட முக்கியமாக, ஆம்புலன்ஸ் காம்பவுண்டைத் தாண்டித் திருப்பத்தூர் சாலையில் ஏறியதும் அந்த நெட்வொர்க் முடிந்துவிடும். அதோடு இந்தப் பேச்சும் முடிந்தது.

நடுவில் இருக்கிற வழியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதில் யு.பி.எஃப். எனப்படும், டேட்டா உண்மையில் கடந்துபோகிற பெட்டி உங்களுக்கே தனி. இணைப்பை நிர்வகிக்கும் எஸ்.எம்.எஃப்.பும் தனி. யு.பி.எஃப்.பை மருத்துவமனைக் கட்டடத்திலேயே வைத்தால் ஸ்கேன் படம் சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. டவருக்கும் கோருக்கும் நடுவில் உள்ள ஃபைபரில் யாருடைய டேட்டா என்று பெயர் மட்டும் ஒட்டும் வெறும் விலான் முத்திரையா, ஃப்ளெக்ஸ்-ஈ போல நேரத்துண்டையே ஒதுக்கும் முறையா என்பதையும் கேட்கலாம். பின்னது கெட்டி.

ஆனால் போன் வந்து பதிவுசெய்யும் வாசலான ஏ.எம்.எஃப். பொதுவாகத்தான் இருக்கும். ஒரு போன் ஒரே நேரத்தில் 8 ஸ்லைஸ் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு வாசல் ஒன்றுதான். யார் யாரோடு பேசலாம் என்று டோக்கன் கொடுக்கும் என்.ஆர்.எஃப்.பும் பல சமயம் பொது. கோளாறு பிறக்கிற இடம் இதுதான். 2021 மார்ச்சில் அடாப்டிவ் மொபைல் செக்யூரிட்டி என்ற நிறுவனம் காட்டியது இதைத்தான். ஒரு ஸ்லைஸில் இருக்கும் மென்பொருள், பொதுவில் உள்ளவற்றோடு முறையான சான்றிதழைக் காட்டியே பேசுகிறது. பேசும்போது மட்டும் அடுத்த ஸ்லைஸின் அடையாள எண்ணைச் சொல்லிக் கேட்கிறது. சான்றிதழ் ஒரு அடுக்கில் சரிபார்க்கப்படுகிறது, ஸ்லைஸ் எண் இன்னொரு அடுக்கில் வருகிறது, இரண்டும் ஒரே ஆளுடையதா என்று யாரும் ஒப்பிடவில்லை. கணக்குப்பிள்ளை, "நீங்க இந்த வீட்டு ஆள்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சித்தப்பா அறைச் சாவியைக் கொடுத்தனுப்புகிற மாதிரி. பக்கத்து ஸ்லைஸ்காரர் எங்கே இருக்கிறார் என்று அறிவதும், அவருக்குச் சேவை கிடைக்காமல் செய்வதும்கூட இதனால் சாத்தியம் என்று அந்த ஆய்வு சொன்னது.

இதற்காக இந்த வழியை ஒதுக்க வேண்டியதில்லை. பொதுவில் உள்ளவற்றுக்கும் தனியானவற்றுக்கும் நடுவே அந்த ஒப்பீட்டைச் செய்யும் வடிகட்டி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 16-ஆம் வெளியீட்டில் வந்த ஸ்லைஸுக்கான இரண்டாம் சரிபார்ப்பையும் கேட்டு வாங்கலாம். சிம் சரியாக இருந்தாலும் மருத்துவமனையின் சர்வர் சம்மதித்தால்தான் உள்ளே வர முடியும். அப்போது சாவி உங்கள் கையில். 17-ஆம் வெளியீட்டில் ஒரு ஸ்லைஸில் எத்தனை கருவிகள் ஏறலாம் என்று எண்ணி நிறுத்தும் காவலும் வந்துவிட்டது.

அப்புறம், எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத இரண்டு விஷயம். போனுக்கும் டவருக்கும் இடையே டேட்டாவுக்குப் போடும் பூட்டு டவரோடு அவிழ்ந்துவிடும். அந்த டவரோ எல்லா ஸ்லைஸுக்கும் பொது. ஆகவே எந்த வழி எடுத்தாலும் மேலே சொந்தமாக ஒரு விபிஎன், அதாவது முனைக்கு முனை பூட்டிய தனிப் பாதை, ஓடட்டும். இன்னொன்று, மருத்துவரின் கையில் இருக்கும் போன். மருத்துவமனை ஸ்லைஸும் சாதாரண இணையமும் அதிலேயே இருக்கின்றன. எந்த ஆப் எந்த ஸ்லைஸில் போகலாம் என்று நெட்வொர்க் விதி அனுப்பும்தான், ஆனால் போனுக்குள்ளேயே வைரஸ் புகுந்துவிட்டால் இரண்டு அறைச் சாவியும் ஒரே இடுப்பில். ஸ்கேனுக்கென்று வேறு எதுவும் ஏற்றாத டேப்லெட் தனியாக வாங்கச் சொன்னேன். அதற்கு மட்டும் முகம் சுளித்தான்.

நடு வழிதான் அவனுக்கு என்று முடிவானது. அன்று இரவே நிறுவனத்துக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பினோம். யு.பி.எஃப். எங்கே வைப்பீர்கள்? இரண்டாம் சரிபார்ப்பு உண்டா? எங்களுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாக இருக்கும் பகுதிகள் எவை என்று எழுதித் தர முடியுமா? முதல் இரண்டுக்கும் மறுநாளே பதில் வந்தது. மூன்றாவது கேள்விக்குப் பதிலாக, விலையைக் குறைத்து இன்னொரு பட்டியல் வந்திருக்கிறது. அதே கேள்வியை மறுபடி அனுப்பியிருக்கிறோம்.